குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால்: முதல் சொட்டிலிருந்து இன்னொரு தாய்க்குத் துணை நிற்பதுவரை

37 வாரம் நிறையும் முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 28 வாரத்தில் பெற்றவருக்கும் 36 வாரத்தில் பெற்றவருக்கும் எதிரே இருக்கும் நாட்கள் வேறுவேறு. ஆனாலும் ஒன்று பொது: குழந்தையின் வாய் தயாராகும்வரை அதன் வேலையைத் தாயின் கையும் கடிகாரமும்தான் செய்ய வேண்டும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றும் ஒன்றோடொன்று இடறாமல் நடக்கும் திறன் பெரும்பாலும் 32 முதல் 34 வாரத்தில்தான் கூடி வரத் தொடங்குகிறது. பால் சுரப்போ அதுவரை காத்திருக்காது. முதல் இரண்டு வாரத்தில் சுரப்பு எந்த அளவில் நிலைபெறுகிறதோ, அதுதான் பின்வரும் மாதங்களுக்குக் கைகொடுக்கும்.

‘மாசமே ஆகலையே, பால் எங்கேயிருந்து வரும்?’ என்று வீட்டில் கேட்பார்கள். கர்ப்பத்தின் பாதியிலேயே மார்பு சீம்பால் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்க, பால் பெருகுவதற்கான கதவு திறக்கிறது. பிறந்தது 26 வாரமானாலும் இதே கதைதான். திறந்த கதவு மூடாமல் இருக்க ஒரே வழி, பாலை அடிக்கடி வெளியே எடுப்பது.

முதல் ஆறு மணி நேரம்

தாயின் உடல்நிலை இடம் கொடுத்தால் பிரசவமாகி ஒரு மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்குங்கள். முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள். அறுவைச் சிகிச்சை, ரத்த அழுத்தம் என்று தாயால் எழ முடியாத நிலையில் நர்ஸோ கூட இருப்பவரோ, தாயின் சம்மதத்தோடு கையால் எடுத்து உதவலாம். முதல் நாளில் பம்பைவிடக் கைதான் நல்லது. சீம்பால் கெட்டியாகச் சொட்டுச் சொட்டாக வரும். பம்பில் எடுத்தால் குழாயிலும் குப்பியின் சுவரிலும் ஒட்டியே போய்விடும்.

கையால் எடுக்கும் முறை:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓரிரு நிமிடம் மார்பை மெதுவாக நீவிவிடுங்கள். அழுத்திப் பிசைய வேண்டாம்.
2. கட்டைவிரலை மேலேயும் சுட்டுவிரலை நேர் கீழேயும், காம்பின் அடியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி வையுங்கள். கருவட்டத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.
3. விரல்களை முதலில் மார்புக்குப் பின்னால் உள்ள நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே தள்ளி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அழுத்தி, விடுங்கள். தள்ளு, அழுத்து, விடு. இதே தாளம்.
4. தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. வழுக்கினால் தோல் புண்ணாகும், பாலும் வராது.
5. சொட்டு நின்றதும் விரல்களை மணிக்கூட்டின் முள்போல் நகர்த்தி வேறு இடத்தில் தொடருங்கள். பிறகு அடுத்த மார்பு, மறுபடி முதல் மார்பு.

முதல் ஒன்றிரண்டு நிமிடம் எதுவுமே வராமல் போகலாம். பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் பாலை இறக்கச் சற்று நேரம் எடுக்கும். பொறுத்துத் தொடர்ந்தால் காம்பின் நுனியில் மஞ்சள் நிறத்தில் ஒரு முத்து தெரியும். அதை 1 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ளுங்கள்.

அந்த 0.2 மி.லி.யும் வீணில்லை. குழந்தை இன்னும் வாயால் குடிக்காவிட்டாலும், பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒவ்வொரு கன்னத்தின் உட்புறமும் 0.1 மி.லி. சீம்பால் தடவுகிறார்கள். நோய் எதிர்ப்புப் பொருட்கள் வாயின் உள்தோலைத் தொடுவதே பயன்தான். உங்கள் பிரிவில் யாரும் பேச்செடுக்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம்: எண்ண வேண்டியது தடவையை

முதல் நான்கைந்து நாள் மி.லி. கணக்கைப் பார்த்து மனம் உடையாதீர்கள். எத்தனை தடவை எடுத்தோம் என்பதை மட்டும் எழுதிவையுங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை. இரவில் ஒரு தடவையாவது கட்டாயம். பாலை உண்டாக்கும் புரொலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. எந்த இடைவெளியும் 5 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். காலை 6, 9, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6, இரவு 9, 11.30, அதிகாலை 3 என்று வைத்தால் எட்டு ஆகிவிடும். நேரம் அரைமணி முன்பின் ஆனால் குற்றமில்லை. விட்டுப்போன தடவையை அடுத்த இடைவெளியில் சேர்த்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு தடவை? மார்பு நிறைந்தே இருந்தால், ‘போதும்’ என்று உள்ளிருந்தே சுரப்பைக் குறைக்கும் ஒரு பொறிமுறை வேலை செய்யத் தொடங்கும். காலியானால் வேகம் கூடும். ‘சேர்ந்து நிறையட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்ற எண்ணம்தான் சுரப்பை அதிகம் கெடுக்கிறது. நாளைக்கு நான்கு தடவை வீதம் எடுத்தாலும் முதல் வாரம் மார்பு கனமாகவே இருக்கும், பால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். மூன்றாம் வாரத்தில் திடீரென்று வற்றும். அப்போது ‘பதற்றத்தால் பால் போயிற்று’ என்பார்கள். உண்மையில் அது முதல் வாரத்தில் விட்ட தடவைகளின் கணக்கு.

இரண்டாம் நாளிலிருந்து, கிடைத்தால் மருத்துவமனைத் தர மின்பம்ப், இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில். நேரம் பாதியாகும், பாலும் சற்றுக் கூடும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். பால் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, கடைசிச் சொட்டுக்குப்பின் இன்னும் 2 நிமிடம். பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் மெதுவாக அழுத்திக்கொடுத்து, முடிந்ததும் ஓரிரு நிமிடம் கையாலும் எடுத்தால் அளவு கணிசமாகக் கூடும். கடைசியில் வரும் அந்தப் பாலில்தான் கொழுப்பு அதிகம். எடை ஏற வேண்டிய குழந்தைக்கு வேண்டியது அதுவே.

பம்பில் தவறு பெரும்பாலும் புனலில்தான். மார்பில் வைக்கும் புனலின் குழாய்க்குள் காம்பு தடையின்றி முன்னும் பின்னும் போய்வர வேண்டும். காம்பு பக்கங்களில் உரசி வெளுத்தாலோ வலித்தாலோ புனல் சிறியது. கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரியது. இரண்டு மார்புக்கும் வேறு அளவு தேவைப்படலாம், சில வாரத்தில் அளவு மாறவும் செய்யும். உறிஞ்சும் விசையைத் தாங்கக்கூடிய அளவுக்குக் கூட்டி, வலி தொடங்கினால் ஒரு படி குறையுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு எடுத்தால் ஆக்ஸிடோசின் அடங்கிவிடும். பால் உள்ளேயே நிற்கும்.

அளவு எப்படி ஏறும்? முதல் நாள் சொட்டுகள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் இறங்கும். குறைப்பிரசவத்தில் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போவது உண்டு. 14ஆம் நாள் ஒரு நாளின் மொத்தம் 500 மி.லி.யைத் தாண்டியிருந்தால் நல்ல நிலை; 750 மி.லி.யை நெருங்கினால் பின்னால் கவலை குறைவு. குழந்தை இன்று 20 மி.லி.தானே குடிக்கிறது, எதற்கு இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். அது வளர்ந்து 3 கிலோ ஆகும்போது இந்த அளவு தேவைப்படும். அன்றைக்குப் புதிதாக ஏற்றுவது மிகக் கடினம். 14ஆம் நாள் 350 மி.லி.க்குக் கீழே இருந்தால் காரணத்தைத் தேடுங்கள்: தடவை குறைவா, புனல் தவறா, நஞ்சுத்துண்டு கருப்பையில் தங்கியதா, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கா, தைராய்டா, மார்பகத் திசுவே குறைவா. பால் கூட்டும் மருந்துகளை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். டொம்பெரிடோனுக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும் ஆபத்து இருப்பதால் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. தடவை குறைவாக இருக்கும்போது மருந்தும் பெரிதாக எதையும் செய்யாது.

மார்பில் ஓரிடம் சிவந்து சுடுகிறது, காய்ச்சல், உடல்வலி என்றால் அது மார்பக அழற்சி. பால் எடுப்பதை நிறுத்தாதீர்கள். அதே சமயம் ‘கட்டியைக் கரைக்கிறேன்’ என்று அழுத்திப் பிசைவதும் வழக்கத்தைவிட அதிகமாகப் பம்ப் செய்வதும் வீக்கத்தைக் கூட்டும். பழைய பழக்கம் இதுதான் என்றாலும் இப்போது இதைப் பரிந்துரைப்பதில்லை. குளிர்ந்த ஒத்தடம், வழக்கமான அளவு எடுப்பு, ஓய்வு. 24 மணி நேரத்தில் குறையாவிட்டாலோ காய்ச்சல் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பாலைப் பத்திரப்படுத்துதல்

நிறைமாதக் குழந்தைக்கான வீட்டு விதியும் இன்குபேட்டர் குழந்தைக்கான விதியும் ஒன்றல்ல. வீட்டில் ஆரோக்கியமான குழந்தைக்குப் புதுப்பால் 25 டிகிரி அறையில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள், உறைபெட்டியில் சுமார் 6 மாதம். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதைவிடக் கண்டிப்பானவை. குளிர்பெட்டியில் 48 மணி நேரம் என்பது பரவலான வரம்பு. உங்கள் பிரிவின் விதியே இறுதி. உறைந்து இளகிய பாலைக் குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் குளிர்ந்திருக்கும்.

ஒவ்வொரு குப்பியிலும் குழந்தையின் பெயர், மருத்துவமனை எண், எடுத்த தேதி, நேரம். புது மருந்து ஏதும் தொடங்கியிருந்தால் அதையும் நர்ஸிடம் சொல்லுங்கள். ஒரு தடவையின் பாலை ஒரு குப்பியில் வையுங்கள். சூடான புதுப்பாலைக் குளிர்ந்த பாலில் ஊற்றாதீர்கள். குழந்தை குடிக்கும் அளவுக்கேற்ற சிறு குப்பிகளாக இருந்தால் மிச்சம் கொட்டிப் போகாது. வீட்டிலிருந்து கொண்டுபோகும்போது ஐஸ் பொதிகள் வைத்த மூடிய பெட்டி.

பம்பின் பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழற்றி, அதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் சோப்பு நீரில் கழுவி, அலசி, சுத்தமான துணி மேல் காற்றில் உலர விடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் நேராகப் போடக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு தடவையாவது 5 நிமிடம் கொதிக்க வைப்பதும் அவசியம்.

உங்கள் பால் போதாத நாட்களில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசை: முதலில் தாயின் பால், அடுத்து பால் வங்கியின் தானப் பால், கடைசியில் பால் மாவு. வங்கியில் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். குடல் திசு அழுகும் கொடிய நோய் மிகச் சிறு குழந்தைகளுக்கு வரும் வாய்ப்பு தாய்ப்பாலாலும் தானப் பாலாலும் குறைகிறது. இந்த வரிசைக்கு அடிப்படை அதுவே. 1,500 கிராமுக்குக் கீழான குழந்தைக்குத் தாய்ப்பாலோடு புரதம், கால்சியம், பாஸ்பரஸ் கொண்ட செறிவூட்டியைக் கலப்பார்கள். ‘என் பாலில் சத்தில்லையா?’ என்ற கேள்வி அப்போது எழும். குறைமாதத் தாயின் பாலில் முதல் வாரங்களில் புரதம் கூடவே இருக்கிறது. வயிற்றுக்குள் இருந்திருந்தால் நஞ்சுக்கொடி கொடுத்திருக்கும் அளவை எந்தப் பாலும் தனியாக ஈடுகட்ட முடியாது, விஷயம் அவ்வளவுதான்.

நெஞ்சோடு நெஞ்சாக

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறைதான், குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. ஆனால் அதை ஏழைகளின் மாற்றுவழி என்று நினைப்பது தவறு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ எடையுள்ள குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் உடனே தொடங்கிய கங்காரு பராமரிப்பில் முதல் 28 நாள் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைந்தது. 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் பிறந்த உடனேயே தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைப் பரிந்துரைக்கிறது.

டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் அணிந்த குழந்தையை மார்புகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்றே உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து மடிந்தால் மூச்சுவழி அடைபடும். கைகால்கள் தவளைபோல மடங்கியிருக்கட்டும். துணியால் காதளவுவரை இறுக்கிக் கட்டுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். மாற்றி எடுப்பதே குழந்தைக்குக் களைப்பு. அப்பாவும் பாட்டியும் செய்யலாம். கங்காரு முடிந்தவுடன் பீய்ச்சிப் பாருங்கள், பலருக்கு அன்றைய நாளின் அதிகப் பால் அப்போதுதான் வரும்.

குழாயிலிருந்து மார்புக்கு

ஒரே நாளில் நடக்கும் மாற்றம் இல்லை இது, சில வாரங்கள் எடுக்கும். முதலில் பீய்ச்சிக் காலியாக்கிய மார்பில் குழந்தையை வையுங்கள். நக்கும், முகரும், இரண்டு தடவை உறிஞ்சும், தூங்கும். வயிற்றுக்குப் போகும் குழாயில் பால் இறங்கும் நேரத்தில் இப்படி வைத்தால் வாயின் அசைவையும் வயிறு நிறைவதையும் அது சேர்த்துப் பழகுகிறது. மூச்சு சீராக இருக்கிறது, வாயைத் திறந்து தேடுகிறது, கையை வாய்க்குக் கொண்டுபோகிறது என்றால் பால் உள்ள மார்புக்கு மாறலாம். வாரக்கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அறிகுறியைப் பாருங்கள்.

பிடிக்கும் முறையில் கவனம் வேண்டும். குறைமாதக் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடக் கனமானது, கழுத்து தளர்ந்தது. வலது மார்பில் கொடுக்கும்போது இடது கையால் பிடியுங்கள்: உள்ளங்கை தோள்களுக்கு நடுவில், கட்டைவிரலும் சுட்டுவிரலும் காதுகளுக்குக் கீழே. பின்மண்டையை மட்டும் தள்ளாதீர்கள். தள்ளினால் குழந்தை எதிர்த்துப் பின்னால் வளையும். அக்குளுக்குக் கீழே உடலை இடுக்கிக்கொள்ளும் நிலையும் பலருக்கு வசதி. குழந்தையின் மூக்கு காம்புக்கு நேரே இருக்க, வாய் அகலத் திறந்ததும் தாடை முதலில் மார்பைத் தொடும்படி அணையுங்கள். வாய் நழுவிக்கொண்டே இருந்தால் மார்பைத் தாங்கும் கையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கன்னங்களை இலேசாகத் தாங்கலாம். மெல்லிய சிலிக்கான் காம்புறை சில குழந்தைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் ஆலோசகர் அளவு பார்த்துத் தர வேண்டும். அதைப் பயன்படுத்தும் நாட்களில் பம்பை விடக் கூடாது.

பால் வேகமாக வந்து குழந்தை திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், உடனே எடுத்து நிமிர்த்துங்கள். அடுத்த தடவை சற்றுப் பீய்ச்சிவிட்டுக் கொடுங்கள், அல்லது நீங்கள் சாய்ந்து படுத்து, குழந்தையை மேலே வைத்துக் கொடுங்கள்.

எவ்வளவு குடித்தது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. குறைமாதக் குழந்தையில் விழுங்கும் சத்தமும்கூட ஏமாற்றும். நம்பத்தக்க வழி, குடிக்கும் முன்னும் பின்னும் எடை பார்ப்பது. அதே உடை, அதே டயப்பர், நடுவில் மாற்றக் கூடாது. 2 கிராம்வரை துல்லியமாகக் காட்டும் தராசு. முன்பு 1,842, பின்பு 1,860 என்றால் சுமார் 18 மி.லி. குடித்திருக்கிறது. தேவை எவ்வளவு? பொதுவாக ஒரு கிலோவுக்கு நாளுக்கு 150 மி.லி. என்று கணக்கிட்டால் இந்தக் குழந்தைக்கு 276 மி.லி., எட்டுத் தடவைக்குப் பிரித்தால் சுமார் 35. ஆக மீதி 17 மி.லி.யைக் குழாயிலோ பாலாடையிலோ (மூக்குள்ள சிறு கிண்ணம்) கொடுக்க வேண்டும். மருத்துவர் உங்கள் குழந்தைக்கு வேறு அளவு சொல்லியிருந்தால் அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாலாடையில் கொடுக்கும்போது குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை அதன் கீழுதட்டில் வையுங்கள். குழந்தை தானே நக்கி உறிஞ்சும் வேகத்துக்கு விடுங்கள்; வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.

34 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களிடம் தனிக் கவனம் தேவை. பார்க்க நிறைமாதம்போல இருப்பார்கள், தாயோடே அனுப்பிவிடுவார்கள். ஆனால் குடிக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள், பசித்தாலும் அழ மாட்டார்கள். ‘சமத்துக் குழந்தை, தூங்கிட்டே இருக்கு’ என்று வீட்டில் மெச்சும்போதே எடை இறங்கி, மஞ்சள் காமாலை ஏறும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்புங்கள். மார்பில் 20 முதல் 30 நிமிடம், பிறகு பீய்ச்சிய பால், பிறகு பம்ப். தாயை நொறுக்கும் அட்டவணை இது. எனவே எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும், பாலாடையையும் கழுவலையும் வேறொருவர் ஏற்க வேண்டும். எடை ஏற ஏறப் படிப்படியாகக் குறைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பம்பை ஒரேயடியாக நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மார்பிலேயே குடித்து எடை ஏறுவது உறுதியான பிறகு, சில நாளுக்கு ஒரு தடவை வீதம் குறையுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு நனைந்த டயப்பருக்குக் குறையாமலும், நாளுக்குச் சராசரி 20 முதல் 30 கிராம் ஏற்றமும் இருந்தால் போதிய பால் இருக்கிறது. இரும்புச்சத்துச் சொட்டும் வைட்டமின் டி-யும் மருத்துவர் சொன்ன அளவில். தடுப்பூசி பிறந்த தேதிப்படி. இணை உணவு, எதிர்பார்த்த பிரசவ தேதியிலிருந்து கணக்கிடும் வயதை ஒட்டி. பச்சை நிற வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம், மூச்சு நின்று நின்று வருதல், எழுப்பியும் குடிக்காமை, உடல் வெப்பம் 36.5க்குக் கீழ் அல்லது 37.5க்கு மேல் என்றால் உடனே மருத்துவமனை.

இன்னொரு தாய்க்குத் துணையாக

இந்தப் பாதையை நடந்து முடித்த சிலருக்கு, அடுத்து வருபவருக்கு உதவ வேண்டும் என்ற உந்துதல் வரும். அந்த உந்துதலை அப்படியே வேலையாக்கிவிட முடியாது. கற்க வேண்டியது நிறைய. மானிட்டரின் சத்தம் கேட்டால் இன்னும் நெஞ்சு படபடக்கிறதா, வேறொரு குழந்தையின் எடை இறங்கியது என்றால் அன்று தூக்கம் போகிறதா என்று முதலில் உங்களையே பாருங்கள். ஆம் என்றால் உங்களுக்கே இன்னும் துணை தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, வெறுமை, திரும்பத் திரும்ப வரும் அந்நாட்களின் காட்சிகள் இருந்தால் மனநல உதவி பெறுங்கள்.

பயிற்சி மூன்று நிலைகளில் கிடைக்கிறது. முதலாவது, தாய்க்குத் தாய் உதவும் தன்னார்வலர். 1956இல் அமெரிக்காவின் இல்லினாயில் ஏழு தாய்மார் தொடங்கிய லா லீச்சே லீக் இந்த முறையின் முன்னோடி. இரண்டாவது, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993இல் வகுத்த 40 மணி நேர ஆலோசனைப் பயிற்சி. அதன் பெரும் பலமே கேட்கும் கலையைத் தனித் திறனாகப் பழக்குவதுதான். மூன்றாவது, பாலூட்டல் ஆலோசகருக்கான ஐ.பி.சி.எல்.சி. என்ற சர்வதேசச் சான்று. அதற்கு 14 மருத்துவ அறிவியல் பாடங்கள், 95 மணி நேரத் தாய்ப்பால் கல்வி, தேர்ந்தெடுக்கும் வழிக்கேற்ப 300, 500 அல்லது 1,000 மணி நேர நேரடி அனுபவம், அதன்பின் தேர்வு. 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். விதிகள் மாறுவதால் சேரும் ஆண்டின் வழிகாட்டியைப் பாருங்கள். தன்னார்வலராக ஓராண்டு இருந்துவிட்டு மூன்றாவதை யோசிப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் முதலிலேயே சான்றுக்கு ஓடியவர்கள்.

பேசும் முறை இப்படி இருக்கட்டும். தாய் சொல்கிறார்: “அக்கா, இன்னிக்கும் அஞ்சு மி.லி.தான் வந்துச்சு.” வாயில் முதலில் வருவது, “கவலைப்படாதீங்க, எனக்கும் அப்படித்தான், அப்புறம் நிறைய வந்துச்சு.” அத்தோடு பேச்சு முடிந்துவிடும், பேச வேண்டியவர் அவர், நீங்கள் உங்கள் கதைக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பதில், “அஞ்சுதான்னு பார்க்கும்போது மனசு விட்டுப்போகுதாம்மா?” என்று கேட்டு நிறுத்துங்கள். அவர் தொடர்வார். “ராத்திரி எழுந்திரிக்கவே முடியல அக்கா” என்ற வரி அப்போதுதான் வெளியே வரும், காரணமும் அதில் இருக்கும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி குற்றம் சாட்டுவதாகக் கேட்கும். ‘எப்படி’ என்று தொடங்குங்கள். அவர் சரியாகச் செய்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஒன்று அல்லது இரண்டு யோசனை மட்டும் கொடுங்கள். ஏழு யோசனை கேட்ட தாய் ஒன்றையும் செய்ய மாட்டார்.

தொடாமல் கற்றுக்கொடுங்கள். ஒரு பொம்மையும், உருட்டிய காலுறையால் செய்த மார்பும் போதும். தொட்டே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். குழந்தையின் எடை, மருந்து, செறிவூட்டி, குழாய் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லாதீர்கள்; ‘இதை டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்’ என்று கேள்வியை அமைத்துக் கொடுங்கள். ஒரு தாயின் விவரத்தை இன்னொரு தாயிடம் சொல்லாதீர்கள், படமும் வேண்டாம். பால் மாவு, பால்புட்டி விற்கும் நிறுவனங்களிடமிருந்து மாதிரியோ அன்பளிப்போ வாங்கக் கூடாது; 1981இல் உலக சுகாதார மன்றம் ஏற்ற சர்வதேச விதித்தொகுப்பின் அடிப்படையே இதுதான். அதே நேரம் பால் மாவு கொடுக்கும் தாய்க்கும் உங்கள் துணை உண்டு. சுத்தமாகக் கரைப்பது, நிதானமாகக் கொடுப்பது, நெஞ்சோடு அணைப்பது எல்லாம் அவருக்கும் தேவை.

குழந்தை இறந்துபோகும் தாய்மாரும் உண்டு. அவர்களுக்கும் பால் சுரக்கும், இறப்புக்குப் பிறகும் நிற்காது. பெரும்பாலும் யாரும் இதைச் சொல்லாததால் அந்தத் தாய் தனியறையில் நனைந்த உடையோடு இருப்பார். திடீரென்று நிறுத்தினால் மார்பு கல்லாகி வலிக்கும். ஆறுதல் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டி, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். சுரப்பை நிறுத்தும் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசலாம். சேமித்த பாலைச் சில வங்கிகள் ஏற்கும். கொடுக்கலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். முடிவு அவருடையது. எந்த வழியையும் உயர்த்திப் பேசாதீர்கள்.

குழந்தை வீட்டுக்குப் போன பிறகு 48 மணி நேரத்துக்குள் ஒரு தடவை அழையுங்கள். மூன்று கேள்வி போதும்: நேற்று எத்தனை டயப்பர் நனைந்தது, எத்தனை தடவை பால் எடுத்தீர்கள், நீங்கள் எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்கினீர்கள். மூன்றாவதற்கு ‘மூன்று மணி நேரத்துக்கும் குறைவு’ என்று பதில் வந்தால், பால் பற்றிப் பேசும் முன் வீட்டில் யார் பாலாடையை ஏற்பார்கள் என்பதை அந்த அழைப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள்.